உறைந்த ஆடுகளின் கடல்வழி

சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் நிற்கும் பகுதியை நகரத்தவர் பலர் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியதால் அந்தக் கட்டடம் புகழ்பெற்றது. அதற்கு முன் அது உண்மையாகவே ஒரு பனிக்கட்டிக் கிடங்காக இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த நீரை வெட்டி எடுத்து, பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேற்றி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். கேட்பவர்கள் கதை என்றுதான் நினைப்பார்கள்.

இதைத் தொடங்கியவர் ஃபிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் வணிகர். 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு அவர் முதன்முதலாகப் பனிக்கட்டி அனுப்பியபோது ஊரார் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முற்றிலும் தவறவில்லை. பனிக்கட்டி போய்ச் சேர்ந்தது, ஆனால் அதை இறக்கி வைக்கத் தீவில் கிடங்கு இல்லாததால் அவருக்கு நஷ்டம். பின்னர் நதானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் பனிவெட்டிக் கருவியை உருவாக்கினார். கட்டிகள் ஒரே அளவாக வெட்டப்பட்டதால் இடைவெளியின்றி அடுக்க முடிந்தது, உருகுவதும் குறைந்தது. மரத்தூள் என்னும் கழிவுப்பொருள் வெப்பத்தைத் தடுக்கும் போர்வையானது. 1833 மே மாதம் பாஸ்டனை விட்டு 180 டன்னுடன் கிளம்பிய டஸ்கனி என்ற கப்பல் நான்கு மாதங்கள் கடந்து கல்கத்தா சேர்ந்தபோது அதில் சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்த பின்னும் பாதிக்கு மேல் மிச்சம் என்பது அக்காலத்தில் பெரிய சாதனைதான். தோரோ 'வால்டன்' நூலில் தன் குளத்தில் பனி வெட்ட வந்த ஆட்களைப் பற்றி எழுதும்போது சென்னையையும் கல்கத்தாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நம் இலக்கிய வாசகர்களில் அந்தப் பகுதியைத் தத்துவமாக மட்டும் படித்தவர்கள் பலர். அதற்குப் பின்னால் ஒரு சரக்குக் கப்பலும் இருந்தது.

டியூடரின் கப்பல்கள் குளிரைச் சுமந்து சென்றன. கடலின் நடுவே கப்பலே குளிரை உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் கதையையும், விடை கிடைத்தபின் உலகின் மறுகோடியில் ஒரு தேசம் எவ்வாறு மாறிப்போனது என்பதையும்தான் இக்கட்டுரையில் பார்க்க இருக்கிறோம்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் வாய்கள் பெருகின, இறைச்சி போதவில்லை. தெற்கே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அர்ஜென்டினாவிலும் ஆடுமாடுகள் பெருகின, உண்ண ஆளில்லை. அங்கே ஆடு வளர்த்தது கம்பளிக்காக. மயிர் கொடுத்து முடிந்த கிழ ஆட்டின் உடலைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சிக் கொழுப்பை எடுத்தார்கள். மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் அது போயிற்று. இறைச்சி பெரும்பாலும் வீண். கொழுப்புக்குக்கூட விலையில்லாத ஆண்டுகளில் ஆடுகளைக் கொன்று அப்படியே எறிந்திருக்கிறார்கள். உப்பிட்ட இறைச்சியும் டப்பாவில் அடைத்த இறைச்சியும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன, ஆனால் வேறு வழியற்றவர்களே அவற்றை வாங்கினார்கள். 1870-களில் நியூயார்க்கிலிருந்து பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்த மாட்டிறைச்சி லிவர்பூலுக்குச் சென்றது. அது குளிர்ந்த வட அட்லாண்டிக்கில் சில நாட்களில் முடியும் பயணம். தெற்கிலிருந்து வரும் கப்பலோ வெப்பமண்டலத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், பாய்மரக் கப்பலென்றால் மூன்று மாதங்கள்.

இந்த இடத்தில் ஜேம்ஸ் ஹாரிசனைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1816-இல் பிறந்தவர், அச்சுத் தொழில் கற்றவர், ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் செய்தித்தாள் நடத்தியவர். அச்செழுத்துகளை ஈதர் கொண்டு கழுவும்போது உலோகம் சில்லிட்டுப் போவதைக் கவனித்ததிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், ஈதர் ஆவியை அழுத்தி, குளிர்வித்து, மீண்டும் ஆவியாக்கிப் பனிக்கட்டி செய்யும் எந்திரத்துக்கு அவர் 1850-களின் நடுவில் காப்புரிமை பெற்றார். இன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நடக்கும் சுழற்சி அடிப்படையில் அதுவே. 1873-இல் மெல்போர்ன் கண்காட்சியில், மாதக்கணக்கில் உறைந்திருந்த இறைச்சி உண்ணத் தகுந்ததே என்று காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். அதே ஆண்டு நார்ஃபோக் என்ற கப்பலில் 20 டன் இறைச்சியை லண்டனுக்கு அனுப்பினார். கப்பலில் எந்திரம் ஏற்றாமல், உறைந்த இறைச்சியைப் பனிக்கட்டியும் உப்பும் கொண்டு காக்கலாம் என்பது அவர் கணக்கு. வழியிலேயே எல்லாம் கெட்டுப்போயிற்று. எந்திரத்தைக் கண்டுபிடித்த மனிதர் தன் எந்திரத்தைக் கப்பலில் ஏற்றாமல் டியூடரின் முறைக்குத் திரும்பியதேன் என்று நாம் வியக்கலாம். அக்கால எந்திரங்களின் எடையையும், ஈதர் தீப்பற்றும் இயல்பையும், கப்பல்காரர்களின் அச்சத்தையும் நினைத்தால் அவ்வளவு வியப்பில்லை. ஹாரிசன் கடனில் மூழ்கினார், மீண்டும் பத்திரிகைத் தொழிலுக்கே போனார், 1893-இல் இறந்தார்.

சிட்னியில் தாமஸ் மார்ட் என்ற செல்வந்தர், பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் நிக்கோலுடன் சேர்ந்து பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டினார். 1876-இல் நார்தம் என்ற கப்பல் இறைச்சியோடு தயாரானது. புறப்படுமுன்பே எந்திரம் பழுதாகிச் சரக்கை இறக்க நேர்ந்தது. மார்ட் 1878-இல் காலமானார்.

பிரான்சில் சார்ல்ஸ் டெல்லியே. அவருடைய கப்பலுக்கு ஃப்ரிகோரிஃபிக் என்று பெயர், குளிரூட்டி என்றே பொருள். 1876 செப்டம்பரில் ரூவான் நகரிலிருந்து கிளம்பி, கிறிஸ்துமஸ் நாளில் புவனோஸ் அயர்ஸ் சேர்ந்தது. இறைச்சியை உறைய வைக்காமல் 0 பாகையை ஒட்டிக் குளிர்ச்சியாக மட்டும் வைத்திருப்பது டெல்லியேயின் முறை. கொண்டுபோன இறைச்சி உண்ணும் நிலையில் இருந்தது, ஆனால் எவரும் கொண்டாடும் நிலையில் இல்லை. 1878-இல் பராகுவே என்ற மற்றொரு கப்பல், ஃபெர்டினான் கார்ரேயின் அம்மோனியா எந்திரத்தோடு, இறைச்சியைக் கல்லாக உறைய வைத்து அர்ஜென்டினாவிலிருந்து லெ ஆவ்ர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. சரக்கு நன்றாகவே இருந்தது. உறைய வைப்பதே நெடுந்தொலைவுக்கு உகந்தது என்பதை அது காட்டியது. இருந்தும் பிரான்சில் அந்த வணிகம் அப்போது வேர்பிடிக்கவில்லை. 1908-இல் பாரிசில் குளிரூட்டல் பற்றிய முதல் சர்வதேச மாநாடு கூடியபோது டெல்லியேயைக் 'குளிரின் தந்தை' என்று போற்றினார்கள். 1913-இல் அவர் அதே பாரிசில் வறுமையில் இறந்தார்.

பெயர்களை இப்படி அடுக்குவது வாசகருக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் இவர்கள் எல்லோரும் சொந்தப் பணத்தையோ கடனையோ வைத்து ஆடியவர்கள், ஒரு பயணம் தோற்றால் மறு பயணத்துக்கு வழியில்லாதவர்கள் என்பது பின்னால் வருவதற்கு முக்கியம்.

*

கிளாஸ்கோ நகரத்தின் பெல் சகோதரர்களும் ஜோசப் கோல்மனும் உருவாக்கிய எந்திரம் வேறு வகை. அதில் ஈதரும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. வெறும் காற்று. நீராவி எந்திரம் காற்றை அழுத்தும், அழுத்தத்தில் காற்று சூடேறும். அந்தச் சூட்டைக் கடல்நீர் கொண்டு தணிப்பார்கள். பிறகு அதே காற்றை ஓர் உருளைக்குள் விரியவிட்டால் அது கடுங்குளிராகிவிடும். அந்தக் காற்றைச் சரக்கறைக்குள் செலுத்த வேண்டியதுதான். நிலக்கரியை விழுங்கும் எந்திரம் அது, திறனில் அம்மோனியாவுக்கு ஈடாகாது. ஆனால் கசிந்தால் நஞ்சில்லை, தீப்பிடிக்கும் வாயு இல்லை, தீர்ந்துபோனால் நடுக்கடலில் காற்றுக்குப் பஞ்சமும் இல்லை. கப்பல் முதலாளிகளுக்கு இதுவே வேண்டியிருந்தது.

பெல்–கோல்மன் எந்திரத்தோடு ஸ்ட்ராத்லெவன் என்ற நீராவிக் கப்பல் சிட்னியையும் மெல்போர்னையும் தொட்டு, சுமார் 40 டன் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் ஏற்றிக்கொண்டு, 1880 பிப்ரவரி 2-ஆம் நாள் லண்டன் வந்தது. சரக்கு நல்ல விலைக்குப் போனது.

ஆகவே, நியூசிலாந்துப் பாடநூல்களில் பெருமையோடு சொல்லப்படும் டனீடின் கப்பல் எந்த வகையிலும் முதலாவது அன்று. இருந்தும் நாம் அதைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். மற்றவை சோதனைகளாகவே நின்றன. டனீடினுக்குப் பிறகு அந்த வழி மூடவே இல்லை.

அதன் பின்னணியில் இருந்தது தனிமனிதரின் கனவு என்பதைவிட ஒரு நிறுவனத்தின் கணக்கு என்பதே பொருந்தும். நியூசிலாந்து மற்றும் ஆஸ்திரேலிய நிலக் கம்பெனி ஸ்காட்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டது, தெற்கில் பல பெரும் பண்ணைகளுக்குச் சொந்தக்காரர். கம்பளி விலை சரிந்துகொண்டிருந்தது. அதன் பொது மேலாளர் வில்லியம் சோல்டா டேவிட்சன், ஆல்பியன் கப்பல் நிறுவனத்துடன் பேசி, டனீடின் என்ற பாய்மரக் கப்பலுக்குள் பெல்–கோல்மன் எந்திரத்தைப் பொருத்த ஏற்பாடு செய்தார். 1874-இல் கட்டப்பட்டு, அதுவரை குடியேறிகளைச் சுமந்த கப்பல். நியூசிலாந்தில் கம்பெனியின் மேற்பார்வையாளராக இருந்த தாமஸ் பிரைடன், ஓமாரு அருகே டோட்டாரா பண்ணையில் ஆடுகளை வெட்டும் கொட்டகையை அமைத்தார்.

1881 டிசம்பர் 6-ஆம் நாள் வெட்டத் தொடங்கினார்கள். தென்கோளத்தில் அது கோடைகாலம். உரித்த உடல்களைப் பனிக்கட்டி வைத்த ரயில்பெட்டிகளில் ஏற்றிப் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கரையில் உறைய வைக்கும் கூடம் அப்போது கிடையாது. கப்பலின் இரு தளங்களுக்கிடையே வைத்து உறைய வைத்து, காலிகோ துணிப்பைகளில் இட்டு, கீழே சரக்கறையில் அடுக்கினார்கள். சில நாட்கள் போயின. எந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. ஏற்றியிருந்த சரக்கை இறக்கி உள்ளூரில் விற்றுவிட்டு, புதிய ஷாஃப்ட் செய்யும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த இடத்தில்தான் ஹாரிசனுக்கும் மார்ட்டுக்கும் வாய்க்காதது டேவிட்சனுக்கு வாய்த்தது என்று நாம் எண்ணுகிறோம். பண்ணை கம்பெனியுடையது, ஆடுகள் கம்பெனியுடையவை. ஒரு கப்பல் ஆட்டிறைச்சி வீணானாலும் அது தாங்கும்.

1882 பிப்ரவரி 15 அன்று டனீடின் பாய் விரித்தது. 4,331 வளர்ந்த ஆடுகள், 598 குட்டிகள், 22 பன்றிகள், 250 சிறு பீப்பாய் வெண்ணெய், கூடவே முயல்களும் கோழிகளும் வான்கோழிகளும், 2,226 ஆட்டு நாக்குகளும் அதில் இருந்தன. கப்பல் காற்றால் ஓடியது, குளிர் மட்டும் நீராவியால். எந்திரத்துக்கு நாளொன்றுக்கு 3 டன் நிலக்கரி. பாய்மரங்களுக்கு நடுவே ஒரு புகைபோக்கி நீட்டிக்கொண்டிருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அதை நீராவிக் கப்பல் என்றே எண்ணினார்கள். அந்தப் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பலமுறை பாய்களில் பற்றின. அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

வெப்பமண்டலத்தில் காற்று நின்றது, கப்பலும் நின்றது. வெயிலில் மேல்தளம் கொதிக்க, சரக்கறைக்குள் குளிர்காற்று எல்லா மூலைகளுக்கும் பரவவில்லை என்பது தெரிந்தது. எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காற்று போகும் வழிதான் சரியில்லை. கப்பல் தலைவர் ஜான் விட்சன் தாமே பிரதான காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து போனார். உள்ளே புதிய துளைகளை அறுத்து வழி செய்தார். காற்று சீரானது. ஆனால் அந்த உறைகுளிரில் அவர் உணர்விழந்து அங்கேயே கிடந்தார். துணை அதிகாரி பின்னாலேயே தவழ்ந்து போய் அவர் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்துப் போட்டார். நிலநடுக்கோட்டு வெயிலில் ஒரு மனிதர் குளிரில் விறைத்துச் சாகத் தெரிந்த இந்தக் காட்சியைப் புனைகதையில் யாரேனும் எழுதியிருந்தால், மிகை என்று விமர்சகர்கள் அடித்திருப்பார்கள்.

98 நாட்களுக்குப் பிறகு, மே 24 அன்று லண்டன். ஸ்மித்ஃபீல்ட் சந்தையில் இறைச்சி வியாபாரிகள் சந்தேகத்தோடு வந்து பார்த்தார்கள். அத்தனை உடல்களில் ஒன்றே ஒன்றுதான் கழிக்கப்பட்டது. கம்பெனிக்கு 4,700 பவுண்டு லாபம். அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் நியூசிலாந்திலிருந்து 172 முறை உறைந்த இறைச்சி கப்பலேறியது, அவற்றில் ஒன்பதில் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு சரக்கு கழிக்கப்பட்டது என்று கணக்குச் சொல்கிறது. ஒரு புதிய தொழில்நுட்பம் இத்தனை விரைவில் நம்பகமானது அரிது.

டனீடின் மேலும் சில ஆண்டுகள் அதே வழியில் ஓடியது. 1890 மார்ச் மாதம் ஓமாருவிலிருந்து உறைந்த சரக்கோடு புறப்பட்டது, பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அதன் சகோதரக் கப்பலான மார்ல்பரோவும் அதே ஆண்டு ஜனவரியில் கம்பளியும் உறைந்த ஆட்டிறைச்சியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிக் காணாமற் போயிருந்தது. ஹார்ன் முனையருகே பனிப்பாறைகளில் மோதியிருக்கலாம் என்பது பலருடைய ஊகம்.

*

இதுவரை சொன்னது பெரும்பாலும் கடலின் கதை. கரையில் நடந்தது இதைவிடக் கனமானது.

ஆட்டின் உடலுக்கும் பசுவின் பாலுக்கும் விலை கிடைத்தவுடன் நிலத்தின் பொருளே மாறிற்று. கம்பளிக்கு மட்டும் என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர் இருந்தால்தான் கட்டும். இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் நூறு ஏக்கர்கூடப் போதும். சிறு குடும்பப் பண்ணை பிழைக்க வழி பிறந்தது. 1890-களில் பெரும் பண்ணைகளை அரசு வாங்கிப் பிரித்துக் கொடுத்ததும் பால் கூட்டுறவுகள் ஊருக்கு ஊர் எழுந்ததும் இந்தக் கடல்வழி இல்லாமல் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. டேவிட்சனின் கம்பெனியே 1882-இல் ஈடன்டேல் என்ற இடத்தில் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஆட்டுக்குட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்னும் இம்மூன்றையும் ஒரே தூரதேசச் சந்தைக்கு அனுப்பி வாழும் நாடாக நியூசிலாந்து உருவெடுத்தது.

வழக்கமாக இந்த இடத்தில் வரலாற்றுக் கட்டுரைகள் மகிழ்ச்சியோடு முடிந்துவிடும். நாம் ஒரு தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். டோட்டாராவில் முதல் ஆடு வெட்டப்பட்டது 1881 டிசம்பர் 6 என்றோம். அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, நவம்பர் 5 அன்று, வடதீவின் தாரனாக்கி பகுதியில் பரிஹாக்கா என்ற மாவோரி கிராமத்துக்குள் சுமார் 1,600 பேர் கொண்ட அரசுப் படை நுழைந்தது. 1860-களின் போர்களுக்குப் பின் பறிமுதல் செய்ததாக அறிவிக்கப்பட்ட நிலத்தை அளந்து குடியேறிகளுக்குக் கொடுக்க அரசு முனைந்தபோது, தே வீட்டி, தோஹு என்னும் இரு தலைவர்களின் வழிகாட்டுதலில் அந்த மக்கள் ஆயுதம் எடுக்காமல் எதிர்த்தார்கள். அளவைக் கற்களைப் பிடுங்கினார்கள், குடியேறிகளுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தில் ஏர் ஓட்டினார்கள், வரிசையாகச் சிறை சென்றார்கள். படை வந்த அன்று குழந்தைகள் பாடியபடி எதிரே வந்தார்கள், வீரர்களுக்கு ரொட்டி கொடுத்தார்கள். தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள், கிராமம் இடிக்கப்பட்டது. காந்தி தென்னாப்பிரிக்கா சென்றது 1893-இல் என்பதை நினைவில் கொண்டால் இது நமக்கு எத்துணை அருகில் உள்ள செய்தி என்று புரியும்.

இரண்டு நிகழ்வுகளும் நேரடித் தொடர்புடையவை என்று நாம் சொல்லவில்லை. டோட்டாரா தென்தீவில் உள்ளது, தாரனாக்கி வடதீவில். ஆனால் எரிமலைச் சாம்பல் வளமூட்டிய அந்தத் தாரனாக்கி மண்தான் பின்னாளில் நியூசிலாந்தின் புகழ்பெற்ற பால் வளப் பகுதியானது. அங்கே பசு மேய்க்க வந்தவனின் வெண்ணெயை லண்டன் கொண்டுசெல்லக் குளிர்க்கப்பல் காத்திருந்தது. நிலம் ஏற்கெனவே பறிபோயிருந்தது. குளிர்க்கப்பல் அந்தப் பறிப்பை லாபகரமாக்கி, திருப்பிக் கொடுப்பதைக் கடினமாக்கியது. அரசு பரிஹாக்கா மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

தாரனாக்கி வெண்ணெயைச் சொல்லும்போது சூ சாங் என்ற சீன வணிகரை விட்டுவிடக் கூடாது. காட்டு மரங்களில் வளரும் ஒருவகைக் காளானைக் குடியேறிகளிடம் வாங்கிச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தவர். அடர்காட்டை அழித்துவிட்டுப் பணமின்றித் தவித்த விவசாயிகளுக்கு அந்தக் காளான் காசு பெரிய உதவி. அவர் 1887-இல் எல்தம் என்ற ஊரில் ஜூபிலி என்ற பெயரில் வெண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கினார். சீனர்கள் நாட்டுக்குள் வருவதற்குத் தலைவரி வாங்கிய காலம் அது. வெள்ளைக் குடியேறியின் உழைப்பின் கதையாகச் சொல்லப்படும் வரலாற்றில் இத்தகைய பெயர்கள் ஓரக்குறிப்புகளாகவே நிற்கின்றன.

ஒரே சந்தையை நம்பிய வாழ்வு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. உலகப் போர்களின்போது பிரிட்டன் மொத்தமாக வாங்கிக்கொண்டது. 1951-இல் துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாட்கள் நீடித்தபோது இறைச்சி உறைகூடத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரும் சேர்ந்துகொண்டார்கள். அரசு அவசரகால விதிகளைக் கொண்டுவந்து, படைவீரர்களைக் கொண்டு சரக்கை ஏற்றியது. ஆட்டிறைச்சி கப்பலேறாவிட்டால் நாடே நின்றுவிடும் என்ற நிலை அப்படிப்பட்டது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் சில ஆண்டுச் சலுகை கிடைத்தது, அவ்வளவுதான். 'தாய்நாடு' என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள் வேறு வாடிக்கையாளரைத் தேடிப் போனார்கள்.

*

குளிர்வித்த இறைச்சி, உறைந்த இறைச்சி என்ற வேறுபாடும் வரலாற்றை வளைத்திருக்கிறது. மெதுவாக உறையும் இறைச்சியில் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழிக்கும், உருகும்போது சாறு வடிந்துவிடும். சிறிய ஆட்டுடல் ஓரளவு தாங்கும், பெரிய மாட்டுத் தொடை தாங்காது. அர்ஜென்டினாவிலிருந்து மூன்று வாரங்களுக்குள் இங்கிலாந்து சேர முடிந்ததால், அங்கிருந்து 0 பாகைக்குச் சற்றுக் கீழே குளிர்வித்த மாட்டிறைச்சி வந்தது, அதற்கு உயர்ந்த விலை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தூரம் கூடுதல். கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் போன்ற ஆய்வாளர்கள் சேமிப்பறைக் காற்றில் கரியமிலவாயுவின் அளவைக் கூட்டினால் பழமும் இறைச்சியும் நெடுநாள் தாங்கும் என்று காட்டிய பிறகு, 1930-களில் அறைக்காற்றில் பத்தில் ஒரு பங்கு கரியமிலவாயு கலந்து தெற்கிலிருந்தும் குளிர்வித்த மாட்டிறைச்சியை அனுப்ப முடிந்தது. இன்றைய ரீஃபர் கன்டெய்னர் ஒவ்வொன்றும் தனக்கென எந்திரம் கொண்டது, கப்பலிலிருந்து மின்சாரம் மட்டும் பெற்றுக்கொள்ளும். வாழைப்பழத்துக்கு 13 பாகை, உறைந்த மீனுக்கு 18 பாகை பூஜ்யத்துக்குக் கீழே. விட்சன் தவழ்ந்த குழாய் இப்போது பெட்டியின் தரையில் நீளும் அலுமினியப் பள்ளங்களாக இருக்கிறது. காற்று போகும் வழியை அடைத்துச் சரக்கடுக்கினால் இன்றும் அதே கேடுதான்.

நம் கரைக்கு வருவோம். மலையாளக் கரையில் இறால் ஒரு காலத்தில் உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டது, தென்னைக்கு உரமாகவும் இடப்பட்டது. கொப்பரையில் காய்ச்சப்பட்ட நியூசிலாந்து ஆட்டுக்கு ஏறக்குறைய ஒப்பான நிலை. 1953-இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அதே காலத்தில் இந்திய–நார்வே மீன்பிடித் திட்டம் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியது. உள்ளூர் மக்களுக்கு மீன் புரதம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. இறாலுக்கு டாலரில் விலை என்று தெரிந்தபின், இழுவலை விசைப்படகுகள் கிழக்கிலும் மேற்கிலும் பெருகின. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே 1970-களில் தமிழகக் கரையில் மூண்ட மோதல்களில் வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. கேரளத்தில் 1988 முதல் பருவமழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை, தமிழ்நாட்டில் 2001 முதல் மீன்பிடித் தடைக்காலம்.

கடல் இறால் போதாதபோது வளர்ப்பு இறால் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாகை வட்டாரத்தில் நெல்வயல்கள் உப்புநீர்க் குட்டைகளாயின. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று, குடிநீர் உவர்த்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி மறியல் செய்தார்கள், அவர் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த இறால் பண்ணைகளை 1997 மார்ச்சுக்குள் இடிக்கவும், வேலையிழப்பவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. கீழ்வெண்மணிக்குப் பிறகு அதே மண்ணில் நிலத்துக்காக உழைத்த தம்பதியருக்கு அது பெரிய வெற்றி.

தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அந்த மண்டலத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டு அறிவித்தது. 2009-இல் வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. இன்று இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியில் மதிப்பில் முதலிடம் உறைந்த இறாலுக்கு, அதில் பெரும்பகுதி ஆந்திரக் குட்டைகளில் வளர்ந்தது. தலை கிள்ளி ஓடு உரிக்கும் வேலையைப் பனிநீரில் கை நனைத்தபடி செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.